மலையகமும் மதுவும்: குடிப்பவர் எல்லோரும் ஒரே வார்ப்பா?

"தோட்டத்து ஆள்தானே, குடிக்காமல் இருப்பானா?" என்னும் பேச்சு இந்நாட்டில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. பேசும் வாய்கள் மாறியிருக்கின்றன. வெள்ளைக்காரத் துரை பேசினார். அவருக்குப் பின் பங்களாவில் குடியேறிய உள்நாட்டுத் துரை பேசினார். கடைத்தெரு முதலாளி பேசினார். தோட்டத்திலிருந்து படித்து வெளியேறியவர்களிலும் சிலர் இன்று பேசுகின்றனர். சம்பள உயர்வு பற்றிய விவாதம் மூளும் போதெல்லாம், "கூட்டிக் கொடுத்தால் தவறணைக்குத்தானே போகும்" என்று ஒரு குரல் எழுவதைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தோர் பலமுறை கேட்டிருப்பர். ஆகவே இது வெறும் வம்புப் பேச்சன்று. மனிதரின் கூலியையும், அவருக்குக் கிட்டும் வைத்தியத்தையும், அவர் மீது பிறர் கொள்ளும் மதிப்பையும் தீர்மானிக்கும் பேச்சு.

இப்பேச்சில் இரண்டு பிழைகள் பின்னிக்கிடக்கின்றன. குடியை ஒரு சமூகத்தின் பிறவிக்குணமாகக் காண்பது முதலாவது. போதைக்கு அடிமையான அனைவரையும் ஒரே மனமும் ஒரே குணமும் படைத்தவராகக் காண்பது இரண்டாவது. முதலாவதைத் திருத்த வரலாறு உதவும். இரண்டாவதைத் திருத்த மனநல மருத்துவத்தின் வரலாறு உதவும். இவ்விரண்டையும் அப்புத்தளையில் நின்றவாறு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

தவறணை வந்த வழி

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டின் மேல் அமர்ந்திருக்கும் ஊர் அப்புத்தளை. தெற்கே நோக்கினால் மலை சட்டெனச் சரிந்து, கீழ்நாட்டுச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். 1890ஆம் ஆண்டு தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கியபோது, அப்புத்தளையை அடுத்த தம்பேதென்னை அவற்றுள் ஒன்றாயிற்று. 1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. மறுவருடம் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் அது நீண்டது. புகையிரதம் வருமுன்னரே, கோப்பிக் காலத்திலேயே, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் காட்டுப்பாதைகளில் நடந்து மலையேறியிருந்தனர்.

அவர்களுக்குப் பின்னால் சாராயமும் மலையேறியது. தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்படும் சாராயம் தென்மேற்குக் கரையோரத்தின் உற்பத்தி. ஒவ்வொரு பிரதேசத்திலும் அதனை விற்கும் உரிமையைப் பிரித்தானிய அரசு ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவர் குத்தகைப் பணத்தை அரசுக்குச் செலுத்தி, தம் இலாபத்தைத் தவறணைகளில் தேடினார். குத்தகை உயர உயர, விற்பனையும் உயர்ந்தாக வேண்டும். அரசின் முக்கிய வருமானங்களுள் ஒன்றாகச் சாராயக் குத்தகை விளங்கியது. இலங்கையின் முதல் பெருஞ்செல்வர் பலரின் மூலதனம் இக்குத்தகையில் திரண்டதேயென்று குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

ஆக, கையில் காசுக்கூலி பெறும் மக்கள் கூட்டம் எங்கே குவிந்ததோ, அங்கே விற்பனையும் குவிந்தது. கோப்பித் தோட்டமும் பின்னர் தேயிலைத் தோட்டமும் அத்தகைய இடங்கள். வெளியுலகத் தொடர்பு அற்ற லயம். பொழுதுபோக்க வேறிடம் இல்லாத மாலை. சம்பள நாளில் மட்டும் கையில் விழும் பணம். நடந்து செல்லும் தூரத்தில் ஒரு தவறணை. இவ்வமைப்பில் எந்த நாட்டு மனிதரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தாலும் குடி பெருகியிருக்கும்.

வேலைமுறையும் இதற்குத் துணைபுரிந்தது. ஆண்களின் வேலை பல தோட்டங்களில் குறித்த அளவு முடிந்ததும் நண்பகலை ஒட்டி ஓய்ந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்களோ மாலைவரை மலையில் நிற்பர். பெண்ணின் சம்பளம் 1984 வரை ஆணின் சம்பளத்தைவிடக் குறைவு. அந்தக் குறைந்த சம்பளத்தையும் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுநாள் நிலவியது. ஓய்வு ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு, பணப்பை முன்னவரிடம் என்ற ஏற்பாட்டில் தவறணை செழித்ததில் வியப்பில்லை.

குளிருக்கும் மழைக்கும் அட்டைக்கடிக்கும் சாராயம் மருந்தென்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. உண்மையில் மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. வெப்பம் வெளியேறுவதையே உடல் சூடாக உணர்கிறோம். உள்ளே உடல் குளிர்ந்துகொண்டிருக்கும். ஆயினும் மழையில் நனைந்து திரும்பியவருக்கு அந்தச் சில நிமிடச் சூடு மெய்யானது. அதை மூடத்தனமென்று சிரித்துத் தள்ளுவது எளிது. அதே குளிரில் துரைமார் தம் கிளப்புகளில் விஸ்கி அருந்தினர். அதற்கு ஓய்வு என்று பெயர். லயத்தில் குடித்தால் மட்டும் அது ஓர் இனத்தின் குணமாயிற்று.

நல்லோர் கண்ட ஒற்றை முகம்

குடியை எதிர்த்தவர்களும் குடிப்பவரை ஒரே முகமாகவே கண்டனர். 1904இலும் மீண்டும் 1912இலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பேரலையாக எழுந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையின் இடத்தில் புதிய அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பில் எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோர் முன்னின்றனர். 1915 கலவரத்தை ஒட்டி இவர்கள் சிறைப்பட்டதும், அதனால் மதுவிலக்கு தேசிய இயக்கத்தின் முதற்படியாகக் கருதப்படுவதும் பாடநூல்களில் உள்ள செய்தி. அவ்வியக்கத்தின் பார்வையில் குடி அந்நியர் புகுத்திய தீமை. குடிப்பவர் நெறி தவறியவர். அவர் ஏன் குடித்தார் என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு.

1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள் மலைநாட்டிலும் சுற்றுப்பயணம் செய்தார். தோட்டத் தொழிலாளர் திரண்ட கூட்டங்களில் குடியைக் கைவிடுமாறு அவர் வேண்டினார். அவ்வேண்டுகோளில் பரிவு இருந்தது. எனினும் பொதுக்கூட்டத்தில் விடுக்கப்படும் வேண்டுகோள் எல்லோர்க்கும் ஒன்றே. அதைக் கேட்டு அன்றே விட்டவரும் இருந்திருப்பர். கண்ணீர் வடித்தும் விடமுடியாதவரும் இருந்திருப்பர். இவ்விருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது என்பதே நம் கேள்வி.

தோட்டத் தமிழர் குடியை விரும்பிப் பேணினர் என்ற கூற்றுக்கு மலாயாவில் நேரிடை மறுப்பு ஒன்று உண்டு. அங்கேயும் றப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் இருந்தன. 1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் பகுதியில் ஆர். எச். நாதன் போன்றோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தில் தமிழ்த் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பதும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பதும் இடம்பெற்றன. கூலி, மானம், குடி ஆகிய மூன்றையும் அத்தொழிலாளர் ஒரே மூச்சில் பேசினர். குடிப்பவர்கள் என்று இகழப்பட்டவர்களே கடையை மூடச் சொன்னார்கள். பிரித்தானிய அதிகாரமோ படையை அனுப்பி வேலைநிறுத்தத்தை அடக்கியது.

ஏட்டில் எழுதப்பட்ட பைத்தியம்

போதை கொள்பவர் எத்தகைய மனிதர் என்ற கேள்வியை அரசாங்க மட்டத்தில் பொறுமையுடன் ஆராய்ந்த முதன்மையான முயற்சி ஒன்று நம் அயலில் நடந்தது. அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்த அதே 1893ஆம் ஆண்டு, இந்தியாவில் கஞ்சா பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கஞ்சா மனிதரைப் பைத்தியமாக்குகிறது, பைத்தியக்கார வைத்தியசாலைகள் கஞ்சா குடிப்போரால் நிரம்புகின்றன என்ற குற்றச்சாட்டு அப்போது ஓங்கியிருந்தது. ஆணைக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளிடம் விசாரித்தது. அத்துடன் நில்லாமல், வைத்தியசாலை ஏடுகளையே எடுத்து ஒவ்வொரு நோயாளியின் கதையையும் பின்தொடர்ந்தது.

வெளிப்பட்ட உண்மை நகைப்புக்கும் வேதனைக்கும் உரியது. 1892ஆம் ஆண்டு கஞ்சாவால் சித்தம் கலங்கியோர் என ஏடுகள் கூறிய 222 பேரில், தேடி விசாரித்த பின், பாதிக்கும் குறைவானவர்களுக்கே அக்காரணத்தை ஓரளவேனும் பொருத்த முடிந்தது. ஏனையோரின் பெயருக்கு எதிரே "கஞ்சா" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்களைக் கொண்டுவந்த பொலிசாரும், படிவத்தை நிரப்பிய எழுத்தர்களும். காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும், எழுதினார்கள். 1894இல் வெளியான அறிக்கை, மிதமாகக் கஞ்சா பயன்படுத்துவோரிடம் குறிப்பிடத்தக்க தீங்கு காணப்படவில்லை என்றும், அளவு மிஞ்சிய பயன்பாடே தீங்கு தருகிறது, அதுவும் ஏற்கனவே தளர்ந்த மனமுடையோரை அதிகம் பாதிக்கிறது என்றும் கூறியது. ஒரே பொருள் எல்லோரிடமும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதை அரசாங்க அறிக்கையொன்று அன்றே பதிவு செய்துவிட்டது.

உவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்துக் காடுகளில் கஞ்சாச் சேனைகள் பிடிபடும் செய்தியை இன்றும் நாம் வாசிக்கிறோம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் முதல், ஹெரோயின் கடத்தலுக்கு மரணதண்டனையோ ஆயுட்சிறையோ விதித்த 1984ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, நம் சட்டங்கள் பொருளின் எடையை நுணுக்கமாக அளக்கக் கற்றுக்கொண்டன. அதை நாடும் மனிதரின் மனத்தை அளக்கும் வேலை சட்டத்தின் கைக்கு எட்டாதது. அது மருத்துவத்திடம் போயிற்று.

மருத்துவர் வகுத்த வகைகள்

அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த லோரன்ஸ் கோல்ப் என்ற மருத்துவர், 1925இல் அபின் வகைப் போதைக்கு அடிமையானோரை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். நோவுக்கு வைத்தியர் கொடுத்த மருந்தாலே சிக்கிக்கொண்ட சாதாரண மனிதர். கவலையற்ற உல்லாசப் பிரியர். ஓயாத மனப்பதற்றம் உடையோர். சமூக நெறிகளுக்கு அடங்காத குணம் உடையோர் என்றெல்லாம் அவர் பிரித்தார். சாதாரண மனிதருக்கு அபின் நோவை மட்டுமே நீக்குகிறது. மனம் சமநிலை இழந்தவருக்கோ அது ஒரு பேரின்பத்தை அளிக்கிறது என்பது அவருடைய துணிபு. அடிமைப்பட்டோருக்கென 1935இல் லெக்சிங்டன் நகரில் திறக்கப்பட்ட பெரும் மருத்துவமனையின் முதல் தலைவரும் அவரே.

வகைகள் வந்தன, ஆனால் அவற்றுள் ஒன்று மற்றவற்றை விழுங்கிவிட்டது. 1952இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட முதல் நோய்ப்பட்டியல், போதை அடிமைத்தனத்தைச் சமூக விரோத ஆளுமைக் கோளாறுகளின் கூட்டத்தில் சேர்த்தது. அடிமையானவர் என்றால் கெட்ட குணத்தவர் என்ற தெருப்பேச்சுக்கு மருத்துவ முத்திரை கிடைத்தது. 1980இல் வெளியான மூன்றாவது பட்டியலிலேதான் அது தனி நோயாகப் பிரிக்கப்பட்டது.

இடையில் 1960ஆம் ஆண்டு ஈ. எம். ஜெலினெக் எழுதிய நூல் மது அடிமைகளை ஐந்து வகையினராகக் கண்டது. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் ஐந்து எழுத்துகளால் அவற்றுக்குப் பெயரிட்டது. மனவலியை ஆற்றக் குடிப்பவர் முதல் வகை. ஊர் வழக்கத்தால் குடித்து, மனத்தளவில் அடிமையாகாமல், ஈரலும் குடலும் கெட்டுப்போகிறவர் இரண்டாம் வகை. ஒரு மிடறு உள்ளே போனால் நிறுத்தும் ஆற்றலை இழப்பவர் மூன்றாம் வகை. வெறிக்கக் குடிக்காமல், ஆயினும் ஒருநாள்கூடக் குடியாமலிருக்க இயலாதவர் நான்காம் வகை. மாதக்கணக்கில் தொடாதிருந்து திடீரென நாட்கணக்கில் மூழ்குபவர் ஐந்தாம் வகை. எந்த நாட்டில் எவ்வகையினர் மிகுதி என்பதை அந்நாட்டுப் பழக்கமும் வாணிபமும் தீர்மானிக்கின்றன என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். வைன் தண்ணீராக ஓடும் பிரான்சில் நான்காம் வகையினர் மிகுதி என்றார்.

1981இல் ரொபர்ட் குளோனிங்கரும் சுவீடன் நாட்டு ஆய்வாளரும், தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் வாழ்க்கையை ஆராய்ந்து இரு பெரும் பிரிவுகளைக் கண்டனர். இருபத்தைந்து வயதுக்குப் பின் குடிக்கத் தொடங்கி, அஞ்சி, வருந்தி, குற்றவுணர்வில் வேகுபவர் ஒரு பிரிவு. இளமையிலேயே தொடங்கி, துடுக்கும் சண்டையும் புதுமை நாட்டமும் மிகுந்து, வருந்தாதவர் மற்றப் பிரிவு. 1985இல் எட்வர்ட் கன்ட்சியன், போதை நாடுவோர் தம் உள்ளத்து வேதனைக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்கின்றனர் என்ற கருத்தை முன்வைத்தார். கொதிக்கும் சினத்தை அடக்க அபின் வகையும், சோர்ந்த உள்ளத்தைக் கிளர்த்த கொக்கேயினும், இறுகிப் பூட்டிய நெஞ்சைச் சற்றே திறக்க மதுவும் தேடப்படுகின்றன என்பது அவர் பார்வை. அண்மைக் காலத்தில் கனடாவைச் சேர்ந்த பட்ரீசியா கொன்ரொட் முதலியோர், நம்பிக்கையின்மை, உடலின் சிறு பதற்றத்துக்கும் மிரளும் தன்மை, யோசியாமல் செயற்படும் துடிப்பு, புது அனுபவத்தைத் தேடும் வேட்கை ஆகிய நான்கு குணங்களைக் கொண்டு பள்ளி மாணவரைப் பிரித்து, ஒவ்வொரு குணத்துக்கும் ஏற்ற பயிற்சியை அளித்துக் குடிப்பழக்கத்தைக் குறைக்க முயன்றனர். பல நாடுகளில் அம்முயற்சி பயன் தந்துள்ளது.

லயத்தில் இவர்கள் யார்?

இவ்வகைகளைத் தோட்டத்துக்கு எடுத்து வந்தால் அவை அந்நியமாகத் தோன்றா. மலையகத்தை அறிந்த வாசகர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த முகங்கள் நினைவுக்கு வரும்.

முதலில், பிரிவால் உடைந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் எனப் பிரிந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சமும், 1983 ஜூலையில் பதுளையையும் பண்டாரவளையையும் எரித்த வன்செயலும் அடுத்தடுத்து வந்தன. அக்காலங்களில் குடிக்கத் தொடங்கிய ஒரு மனிதர் உல்லாசம் தேடிக் குடிக்கவில்லை. அவர் அமைதியாகக் குடிப்பார், குடித்தபின் அழுவார், மறுநாள் காலை வீட்டாரின் முகத்தைப் பார்க்கக் கூசுவார். இவருக்கு வசையும் அடியும் மேலும் ஒரு காரணத்தையே தரும்.

அடுத்தவர், பயத்தால் குடிப்பவர். துரையின் முன்னால் நா எழாதவர். நாலு பேர் கூடிய இடத்தில் வியர்ப்பவர். ஒரு மிடறு அவருக்குப் பேசும் தைரியத்தைத் தருகிறது. அவருடைய நோய் அச்சம். குடி அதன் மேற்பூச்சு.

மூன்றாமவர், துணிச்சல்காரர். பதினைந்து வயதிலேயே எதையும் செய்து பார்க்கத் துடித்தவர். காமன் கூத்திலும் திருவிழாவிலும் இவரே முன்னால் நிற்பார். இவ்வேகத்தை விளையாட்டிலோ தொழிலிலோ திருப்பிவிட ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் இவர் கதை வேறாயிருக்கும். இன்று கொழும்புக்கு வேலைதேடிப் போகும் இளைஞருள் இத்தகையோரைத்தான் ஹெரோயினும், ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினும் முதலில் கவ்வுகின்றன.

நான்காமவர், வழக்கத்தால் குடிப்பவர். இவர் மனத்தில் பெரிய புண் எதுவும் இல்லை. சம்பள நாளில் எல்லோரும் போகிறார்கள், இவரும் போகிறார். தவறணை எட்டாத இடத்தில் கசிப்பு வருகிறது, அதையும் அருந்துகிறார். இவருடைய ஈரல் கெடும்வரை யாரும் இவரைக் குடிகாரர் என்று சொல்வதில்லை. ஜெலினெக்கின் இரண்டாம் வகை இவரே. உபதேசமும் மனவைத்தியமும் இவருக்கு அதிகம் தேவையில்லை. தவறணை சற்றுத் தூரம் போனாலே இவர் குடிப்பது குறையும்.

இவர்களிடையே பெண்களும் உள்ளனர். மாலைவரை மலையில் நின்று, பின் வீட்டுப் பாரத்தையும் சுமக்கும் பெண்களுள் உடல்வலிக்கு மதுவை நாடுவோரும் உண்டு. அவர்களைப் பற்றி வெளியே பேசுவது மானக்கேடு எனக் கருதப்படுவதால் உதவியும் அவர்களை எட்டுவதில்லை.

முந்தியது எது?

வகைகளை விரும்பிப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஏற்கனவே சாதி, இனம் எனப் பிரிந்து கிடக்கும் நாட்டில், அடிமையானோரையும் நான்கு சாதிகளாக்கிவிட்டால் அது பழைய பிழையின் புதிய வடிவமே. ஒரு மனிதர் இருபது வயதில் துணிச்சலால் குடித்து, நாற்பதில் துயரத்தால் குடிக்கலாம்.

குணம் முந்தியதா, குடி முந்தியதா என்பதும் எளிதில் தெளியாத வினா. அமெரிக்க மனநல மருத்துவர் ஜோர்ஜ் வெய்லன்ட், சிறுவயது முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்களின் வரலாறுகளைக் கொண்டு 1983இல் ஒரு நூல் எழுதினார். குடிகாரரிடம் நாம் காணும் சோர்வு, சந்தேகம், சிடுசிடுப்பு, பொய் ஆகியவற்றுள் பெரும்பகுதி குடிக்கு முன்பு அவரிடம் இல்லை. குடியே அவற்றை உண்டாக்கியது என்பது அவருடைய முடிவு. அதே ஆண்டில், அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்காக ஆலன் லாங் எழுதிய மதிப்பீடும், அடிமையாவோர்க்கெல்லாம் பொதுவான தனியொரு குணவார்ப்பு கிடையாது என்றது.

சூழலின் வலிமைக்கு வியட்நாம் சான்று. அங்கு போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்கள் நாடு திரும்பிய பின் லீ ரொபின்ஸ் நடத்திய ஆய்வில், முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானோர் அவர்களுள் ஏறத்தாழ இருபதில் ஒருவரே. களம் மாறியது, கூட்டாளிகள் மாறினர், பொருள் எளிதில் கிட்டவில்லை; பெரும்பாலோர் விட்டனர். விடாத சிலரிடத்திலேதான் உள்ளத்து வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்துக்கு இதிலுள்ள பாடம் எளியது. சூழலை மாற்றினால் பலர் மீள்வர். எஞ்சியவருக்குத் தனித்தனியே கைகொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது அரைவேலை.

ஒரே கூண்டும் பல மனங்களும்

இலங்கையில் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் உருவாயிற்று. மதுசாரம், போதைப்பொருள் தகவல் நிலையம் 1987இல் தொடங்கியது. மனநல மருத்துவர் தியநாத் சமரசிங்க போன்றோர், வெறித்தவர் செய்யும் அட்டகாசத்தில் கணிசமான பங்கு சமூகம் அவருக்கு வழங்கும் சலுகையே என்று நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். "குடிச்சிட்டுத்தானே அடிச்சார்" என்று மன்னிக்கும் வழக்கம் லயத்திலும் மாடிவீட்டிலும் ஒன்றே. குணவேறுபாட்டைப் புரிந்துகொள்வது மனைவியை அடிப்பதற்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

தமிழகத்தில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய சிகிச்சை நிலையம், நோயாளியோடு அவர் குடும்பத்தாரையும் அமர்த்தித் தமிழில் பேசி வைத்தியம் செய்யும் வழியைக் காட்டியது. நம் நாட்டின் போக்கு வேறு திசையில் சாய்ந்தது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழிசெய்தது. போர்க்காலத்துக்குப் பின் முன்னாள் போராளிகளுக்காக நடத்தப்பட்ட கந்தகாடு போன்ற புனர்வாழ்வு நிலையங்கள் அடிமையானோரை அடைக்கும் இடங்களாயின. 2023 டிசம்பரில் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதாகினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் அதனைக் கண்டித்தனர். அழுதுகொண்டு குடிப்பவரும், பயந்துகொண்டு குடிப்பவரும், துணிச்சலால் வீழ்ந்தவரும், வழக்கத்தால் அருந்துபவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டு ஒரே பயிற்சிக்கு ஆட்படும்போது, எவருக்கு எது பயன்தரும் என்ற கேள்வி தொலைந்துபோகிறது.

மலையகத்துக்கு இதில் மேலுமொரு குறை உண்டு. உணர்ச்சியைப் பற்றிய வைத்தியம் மொழியால் நடப்பது. "மனசு விட்டுப்போச்சு" என்பதற்கும் "மனசு கெட்டுப்போச்சு" என்பதற்கும் "ஏக்கம் புடிச்சிருக்கு" என்பதற்கும் உள்ள வேறுபாடு, லயத்துப் பேச்சை அறிந்த காதுக்கே விளங்கும். முதலாவது சோர்வு, இரண்டாவது கசப்பு, மூன்றாவது பிரிவு. இவற்றைப் பிரித்தறியாத இடத்தில் மூவரும் "குடிகாரர்" என்ற ஒரே சொல்லாகிப் படிவத்தில் பதிவாவர். 1892இல் இந்திய வைத்தியசாலை ஏட்டில் எழுத்தர் "கஞ்சா" என்று எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தோட்ட வைத்தியசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அங்கே அமரும் வைத்தியரோ, மருத்துவ உதவியாளரோ, தோட்டத்திலேயே பிறந்து படித்த ஓர் இளைஞரோ, வருபவரிடம் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எப்போது தொடங்கினாய், குடிப்பதற்கு முந்திய நிமிடம் உன் மனம் எப்படி இருந்தது, குடிக்காத நாளில் என்ன நேர்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை அவருடைய சொற்களிலேயே குறித்துவைத்தால் போதும். பெருஞ்செலவில்லாத வேலை இது. ஆணைக்குழுவும் சட்டமும் இதற்குத் தேவையில்லை. உவாவின் தோட்டங்களில் குடி பற்றிய உண்மையான வரலாறு அந்தக் குறிப்பேடுகளில் இருந்துதான் எழுதப்படத் தொடங்கும். சம்பள உயர்வுக்கு எதிராகப் பழைய பேச்சை எடுப்பவருக்குக் காட்டுவதற்கும் அப்போது நம் கையில் ஏதாவது இருக்கும்.